நாகையில் அப்படியொரு செவுரு இல்லை

கரும்பு காலை இடிக்குதா தம்பி? இருங்க, ஜன்னல் பக்கமா சாய்ச்சுக்கிறேன். மேல வைக்கலாம்னா தோகை முன்சீட்டு அம்மா தலையில விழுது, அவங்க ஏற்கெனவே ஒரு தடவை திரும்பிப் பார்த்துட்டாங்க. கும்பகோணம் வரைக்கும் இப்படியே புடிச்சுக்கிட்டுத்தான் வரணும். தங்கச்சி வீட்டுக்குப் பொங்கச் சீரு. அப்பா இருந்த வரைக்கும் அவரு கொண்டுபோனாரு. இப்ப நான்.

நீங்க போனைப் பாருங்க, பாருங்க. எட்டிப் பார்க்கணும்னு பார்க்கல, அந்த மியூசிக் காதுல விழுந்துச்சு. ‘சால்ட் க்ரௌன்’ புது டிரைலர்தானே? மலாக்கா. போன வெள்ளிக்கிழமை விட்டாங்க. நான் இன்னும் முழுசாப் பார்க்கல, நாப்பது செகண்டுல நிறுத்திட்டேன். பிடிக்காம இல்ல. ஒண்ணும் தோணல, அவ்வளவுதான்.

அட, இந்த கேமே உங்களுக்குப் புதுசா? சும்மா தள்ளிக்கிட்டு இருக்கும்போது வந்துச்சா? அப்ப என்னையும் தெரிஞ்சிருக்காது. ‘துறைமுகம் தமிழ்’னு ஒரு சேனல். குணாளன்னு பேரு. நாலு லட்சத்து இருபதாயிரம் பேரு இருக்காங்க. கேள்விப்பட்டதில்லையா? சரி, பரவாயில்ல. தாடி வேற எடுத்துட்டேன்.

சொல்றேன், பேச்சுத்துணையா இருக்கட்டும். இது பதினஞ்சு வருஷமா வர்ற கேமு. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு துறைமுகம், ஒரு காலம். முதல்ல வெனிஸ், அப்புறம் இஸ்தான்புல், அப்புறம் ஜான்சிபார். நாம ஒரு கடத்தல்காரன். கூரை மேல ஓடணும், கப்பல்ல ஒளியணும், கடைசியில எவனையாவது பழிவாங்கணும். கதை எல்லாத்துலயும் ஒண்ணுதான். ஆனா ஊரு இருக்குல்ல, ஊரை அப்படியே கட்டி வச்சிருப்பான். தெருவு, கடை, கிணறு, காயப்போட்ட துணி. அதுக்காகவே உலகம் பூரா பைத்தியம் புடிச்சுக் கெடக்கு. அடுத்த பாகம் இந்த ஊருன்னு அறிவிச்சா, அந்த ஊர்க்காரன் ஒரு நாள் ஆடுவான், மறுநாள் அடிச்சுக்குவான். இப்ப மலேசியாக்காரங்க முறை. மலாக்காவுல வீட்டுக் கூரை அப்படி வளையாதுன்னு நாலு நாளா சண்டை. நடக்கட்டும்.

எங்க முறை ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி வந்துச்சு. சோழர் காலத்து நாகப்பட்டினம்.

நம்ப முடியுதா? வெனிஸ், இஸ்தான்புல், நாகப்பட்டினம். நான் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல மொபைல் சர்வீஸ் கடை வச்சிருக்கேன். கையில ஒரு போனைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கேன், என் போனு அடிச்சுக்கிட்டே இருக்கு. துபாய்லேருந்து ஒருத்தன், கனடாவிலேருந்து ஒருத்தன், யாருன்னே தெரியாத பசங்க, “அண்ணா நம்ம ஊருண்ணா, நம்ம ஊருண்ணா”ன்னு. அப்ப எல்லாம் சேனல்ல அறுபதாயிரம் பேருதான். அந்த போனை இன்னும் நான் திருப்பி மாட்டல. கஸ்டமரு சண்டை போட்டுட்டு வேற வாங்கிட்டாரு.

இருங்க, தங்கச்சியைப் பத்தி முதல்ல சொல்லணும். இல்லன்னா உங்களுக்குப் புரியாது. மங்கையர்க்கரசி. மங்கைன்னு கூப்பிடுவோம். என்னைவிட ஆறு வயசு சின்னவ. எங்க வீட்ல கேமு ஆடுற பழைய செட்டு ஒண்ணு, ரிமோட்டு மாதிரி கையில புடிச்சு ஆடுறது ஒண்ணே ஒண்ணு. அது என் கையில. அவளுக்கு மேப்பு. “நீ மேப்பைப் பாரு, எங்க போறதுன்னு சொல்லு”ன்னு உக்கார வச்சுருவேன். அவ என்னடான்னா, “அண்ணா கொஞ்சம் நில்லுண்ணா, அந்த வீட்டைப் பார்த்துக்கிறேன்”ம்பா. பின்னாடி பத்துப் பேரு வாளை உருவிக்கிட்டு வர்றான், இவளுக்கு வீட்டைப் பார்க்கணும். சாளரம் எப்படி, படிக்கட்டு எப்படின்னு. நான் நின்னதே இல்ல. நின்னா செத்துருவோம்ல.

அப்புறம் அவ திருச்சியில படிச்சு, சென்னையில ஏதோ கோர்ஸ் படிச்சு, பெருங்குடி பக்கம் ஒரு கம்பெனியில சேர்ந்தா. கேமு போடுறவன் வெளிநாட்டுக்காரன். ஆனா மரம், பானை, கயிறு, செவுரு இதெல்லாம் நம்ம ஆளுங்கதான் கம்ப்யூட்டர்ல செஞ்சு அனுப்புவாங்களாம். இது எனக்கே பின்னாடிதான் தெரியும். அவ என்ன செய்யுறான்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு கையெழுத்து வாங்கியிருந்தாங்க. கட்டுனவருகிட்டகூட அவ சொல்லல. அவ அப்படித்தான், சொல்லாதேன்னா சொல்ல மாட்டா.

ஆனா போன் பண்ணிப் பண்ணிக் கேப்பா. “அண்ணா, வெளிப்பாளையம் பக்கம் குழி தோண்டுனா மண்ணு என்ன நிறம்?” “அண்ணா, காத்து எந்த மாசத்துல எந்தப் பக்கம் அடிக்கும்?” “அண்ணா, உப்புக் காத்துல அரிச்ச செங்கலு எங்கயாவது இருந்தா போட்டோ எடுத்து அனுப்புறியா? கிட்டக்க எடு, வெயில் சாய்வா விழும்போது எடு.” நானும் அனுப்புனேன். கடைக்குப் பின்னாடி ஒரு சந்து, அதுல யாரோ ஒருத்தரு கிடங்கோட பழைய செவுரு ஒண்ணு நிக்குது. பூச்செல்லாம் உதிர்ந்து, செங்கலு பன்னு மாதிரி அரிச்சுப் போயி கெடக்கும். நாப்பது போட்டோ எடுத்து அனுப்புனேன். எதுக்குன்னு கேக்கல. தங்கச்சி கேட்டா அண்ணன் எதுக்குன்னு கேப்பானா? செய்யுறதுதான். அதை நீங்க குறிச்சுக்கங்க. நான் செஞ்சேன்.

அப்புறம் டிரைலரு வந்துச்சு. மார்ச் மாசம். ரெண்டரை நிமிஷம்.

நான் லைவ் போட்டிருந்தேன். ஒன்பதாயிரம் பேரு உக்காந்திருக்கான். ஆரம்பத்துல கடலு, பாய்மரம், எல்லாம் பிரமாதம். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அப்புறம் ஊருக்குள்ள வர்றான் தம்பி. ஓலை வீடு. மண்ணு தெரு. கோபுரம் குட்டையா இருக்கு, ரெண்டு ஆளு உயரம் இருந்தாப் பெருசு. ஒரு கலரு இல்ல, ஒரு பொம்மை இல்ல. எங்க சோழ நாட்டுக் கோபுரம் எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், காலண்டர்ல பார்க்குற குழந்தைக்குத் தெரியும். ஏழு நிலை, பளபளன்னு. அது இல்ல. அதுக்குப் பதிலா, கடற்கரைக்கிட்ட ஒரு செங்கல் கோபுரம், மூணு அடுக்கு, சீனாக்காரன் வீடு மாதிரி. மொட்டைத் தலைச் சாமியாருங்க நடந்து போறாங்க. புத்தர்.

எனக்கு வந்துச்சே கோவம். நான் நிறுத்தி நிறுத்திக் காட்டுனேன். “பாருங்க மக்களே, சீனாவுக்கு வரைஞ்சு வச்சதை எடுத்து நம்ம ஊர்ல ஒட்டிட்டான். நான் நாகப்பட்டினத்துல பொறந்து வளந்தவன். முப்பத்தி நாலு வருஷமா இருக்கேன். இப்படி ஒரு கோபுரம் எங்க ஊர்ல கிடையாது”ன்னேன். அப்புறம் அந்தச் செவுரு. கதாநாயகன் ஒரு செவுத்துல சாய்ஞ்சு மூச்சு வாங்குறான், செவுத்தைக் கிட்டக்கக் காட்டுறான். அரிச்சுப் போன செவுரு. “இதப் பாருங்க, தொழுநோய் புடிச்ச மாதிரி ஒரு செவுரு. ராஜா ஆண்ட ஊர்ல இப்படித்தான் செவுரு வச்சிருப்பாங்களா? நாகையில அப்படியொரு செவுரு எங்கய்யா இருக்கு, காட்டு பார்ப்போம்”ன்னு கேட்டேன். அந்தத் துண்டைத்தான் எல்லாரும் வெட்டி வெட்டிப் போட்டாங்க. பதினோரு லட்சம் பேரு பார்த்தான்.

சிரிக்காதீங்க தம்பி. உங்களுக்கு இப்ப தெரியும், அப்ப எனக்குத் தெரியாதுல்ல.

லைவ் நடக்கும்போதே கீழ ஒரு ஆளு எழுதிக்கிட்டே இருந்துச்சு. ‘உப்புக்காத்து’ன்னு பேரு. “அந்தக் கோபுரம் நிஜமாவே நாகப்பட்டினத்துல இருந்தது. புத்த விகாரம் இருந்தது. சோழ ராஜாவே நிலம் குடுத்திருக்காரு. தயவுசெஞ்சு படிச்சுப் பாருங்க”ன்னு. மரியாதையாத்தான் எழுதியிருந்துச்சு, அதைச் சொல்லணும். நான் சத்தமாப் படிச்சுக் காட்டுனேன். “யாருங்க இது? கம்பெனிகிட்ட வாங்கித் தின்ன ஆளா? எங்க ஊரைப் பத்தி எனக்கே பாடம் எடுக்குது”ன்னு கேட்டேன். அவ்வளவுதான் நான் கேட்டது. ஒரு கெட்ட வார்த்தை என் வாயில வரல. வேணும்னா போய்ப் பாருங்க, வீடியோ இன்னும் இருக்கு. ஆனா கூட்டம் இருக்கே, அது என் கையிலயா இருக்கு? உப்புக்காத்து மேல எல்லாரும் பாஞ்சுட்டானுங்க. அம்மாவை இழுத்தான், அக்கா தங்கச்சியை இழுத்தான். நான் பார்த்தேன், சிரிச்சேன்னு நெனைக்கிறேன். இருபது நிமிஷத்துக்கு அப்புறம் அது எழுதுறதை நிறுத்திருச்சு.

அப்ப ஒரு சந்தோஷம் இருந்துச்சு தம்பி. பொய் சொல்லக் கூடாது. எட்டாவது படிச்சப்ப சைக்கிள் ரேஸ்ல ஜெயிச்சப்புறம் அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்ல.

அப்புறம் என்ன, தீ மாதிரி பத்திக்கிச்சு. கையெழுத்து இயக்கம், மூணு லட்சம் பேரு. டிவியில கூப்பிட்டான், போனேன். பக்கத்துல ஒரு பேராசிரியர் அம்மா உக்காந்திருந்தாங்க, அவங்களும் அந்த விகாரத்தைப் பத்திதான் சொல்ல வந்தாங்க. ‘சூடாமணி’ன்னு அதோட பேரைச் சொல்லி ஆரம்பிச்சாங்க. நான் விடல. எனக்குச் சத்தம் அதிகம். “நீங்க புத்தகத்துல படிச்சீங்க, நான் அந்த மண்ணுல நிக்கிறேன்”ன்னேன். கைதட்டு. அந்தத் துண்டும் ஓடுச்சு.

அந்த நாள்ல மங்கை ஒரு தடவை போன் பண்ணா. எப்பவும் ஞாயித்துக்கிழமைதான் பண்ணுவா, அன்னிக்கு புதன்கிழமை. “அண்ணா, அந்தக் காலத்துல அப்படியும் இருந்திருக்கலாம்லண்ணா?”ன்னு மெதுவாக் கேட்டா. நான் டிவிக்குச் சட்டை தேய்ச்சுக்கிட்டு இருந்தேன். “உனக்கு ஒண்ணும் தெரியாது மங்கை, நீ வேலையைப் பாரு”ன்னேன். “வேலையைத்தாண்ணா பார்க்குறேன்”னா. வச்சுட்டா.

தன் முதுகு தனக்குத் தெரியாதும்பாங்க. சரிதான். ஆனா அவ முன்னாடி வந்து நின்னு சொல்லியிருக்கலாம்ல? கையெழுத்துப் போட்டாச்சு, சரி. அண்ணங்கிட்ட ஒரு சாடை காட்டக் கூடாதா?

கீழ்வேளூர் வந்துருச்சா? ஏறுறவங்க ஏறட்டும், கரும்பைக் கொஞ்சம் புடிச்சுக்கங்க. ஆங், அவ்வளவுதான்.

செப்டம்பர்ல ரெண்டாவது டிரைலரு விட்டாங்க. ஜெயிச்சுட்டோம் தம்பி. கம்பெனி மன்னிப்பே கேட்டுச்சு, ‘உள்ளூர் மக்களின் குரலுக்குச் செவிசாய்த்து’ன்னு தமிழ்லயே போட்டான். கோபுரம் ஏழு நிலை. பச்சை, நீலம், ரோஸு, எல்லாக் கலரும். தெருவெல்லாம் கருங்கல்லு. அந்தச் செங்கல் கோபுரத்தைத் தூக்கிட்டான். அந்த இடத்துல ஒரு ராஜா சிலை, அம்பதடி, கையில வாளு. செவுரெல்லாம் வழுவழுன்னு. நான் அழுதுட்டேன், லைவ்லயே. கிளிசரின்லாம் இல்ல, நிஜமா. ‘அழுத அண்ணன்’னு அதுக்கு ஒரு பேரு வச்சானுங்க. அன்னிக்கு ஒரே ராத்திரியில ஒரு லட்சம் பேரு சேர்ந்தான்.

அதுக்கு மூணாவது நாளோ நாலாவது நாளோ, மங்கை வேலை போயிருச்சு.

மொத்தமா மாத்தணும்னா, பழசை செஞ்சவங்களே எதுக்குன்னு அந்த வேலையை வேற நாட்டுக் கம்பெனிக்குக் குடுத்துட்டாங்க. இங்க அறுபது பேரை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அறுபது பேரு தம்பி, எல்லாம் சின்னச் சின்னப் புள்ளைங்க. மங்கை எங்களுக்குச் சொல்லல. “கொஞ்ச நாள் லீவு”ன்னா. சென்னையில வாடகை கட்டுப்படியாகாம மாப்ளையோட ஊருக்கே வந்துட்டாங்க, கும்பகோணத்துக்கு. மாப்ளை சிவக்கொழுந்துதான் ஒரு நாளு போன் பண்ணாரு. நல்ல மனுஷன், அதிகம் பேச மாட்டாரு. அன்னிக்குப் பேசுனாரு.

“மச்சான், நீங்க காறித் துப்புன ஊரு மங்கை கட்டுன ஊரு. ரெண்டு வருஷம் கட்டுனா”ன்னாரு. எனக்கு முதல்ல புரியல. “எந்த ஊரு?”ன்னேன். “அந்தச் செவுரு உங்க கடைக்குப் பின்னாடி இருக்குற செவுரு மச்சான். நீங்க எடுத்து அனுப்புன போட்டோதான். அந்த உப்புக்காத்தும் அவதான். அந்தச் செங்கல் கோபுரத்தை ஒரு தடவை வெள்ளைக்காரன் காலத்துல இடிச்சாங்களாம், ரெண்டாவது தடவை நீங்க இடிச்சீங்க”ன்னாரு. மாப்ளைக்குக் கோவம் வந்தா இப்படிக் கவிதை மாதிரி பேச்சு வரும்.

நான் போனை வச்சுட்டு சந்துக்குப் போனேன். எங்க கடையில பாத்ரூம் கெடையாது தம்பி, தினம் ரெண்டு தடவை அந்தச் செவுத்துக்கிட்டதான் போறது. போயி நின்னு பார்த்தேன். செவுரு இருந்துச்சு. சாய்வா வெயில் விழுந்துக்கிட்டு இருந்துச்சு. ஒண்ணும் தோணல. திரும்பி வந்து ஒரு சார்ஜிங் பின்னை மாத்திக் குடுத்தேன்.

அன்னிக்கு மரத்துப் போனதுதான். பல்லு புடுங்க ஊசி போட்டா கன்னம் இருக்கும், இல்லாத மாதிரி இருக்கும்ல, அது மாதிரி. சாப்பிடுறேன், கடைக்குப் போறேன், வீடியோ போடுறேன். கேட்டா எல்லாம் நல்லாத்தான் இருக்கு.

அந்தக் கோபுரத்தைப் பத்தியும் தேடிப் படிச்சேன். நிஜந்தான். இருந்திருக்கு. கடல்ல வர்ற கப்பல்காரங்களுக்கு அதுதான் அடையாளமாம். நூத்தம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு இடிச்சு. நம்ம ஊர்ல தோண்டி எடுத்த புத்தர் சிலைங்க சென்னை மியூசியத்துல வரிசையா நிக்குதாம். ஸ்கூல்லேருந்து கூட்டிட்டுப் போனாங்க, நான் அந்த மியூசியத்துக்குப் போயிருக்கேன், திமிங்கல எலும்பை மட்டும் பார்த்துட்டு வந்துட்டேன். ஆனா நீங்களே சொல்லுங்க. நான் என்ன சொன்னேன்? இப்படி ஒரு கோபுரம் எங்க ஊர்ல கிடையாதுன்னு சொன்னேன். கிடையாதுதானே? இல்லாததை இல்லன்னு சொன்னது எப்படிப் பொய்யாகும்?

அதை வீடியோவாப் போட்டிருக்கலாம்னு மாப்ளை சொன்னாரு. “நான் சொன்னது தப்பு, அப்படி ஒரு கோபுரம் இருந்திருக்கு”ன்னு ஒரு அஞ்சு நிமிஷம். போடலாம்தான். ஆனா அப்ப எல்லாரும் கொண்டாடிக்கிட்டு இருக்காங்க. கல்யாண வீட்ல போயி எழவு சொல்ல முடியுமா? அடுத்த வாரம், அடுத்த வாரம்னு தள்ளிப் போச்சு. எழுதிக்கூட வச்சேன். போன்ல இன்னும் கெடக்கு.

மங்கையை நேர்ல பார்த்தப்ப நான் தயாராப் போனேன், திட்டுவா, அழுவான்னு. ஒண்ணும் இல்ல. “வாங்கண்ணா, சாப்பிட்டீங்களா?”ன்னா. முன்னாடி எல்லாம் “வாண்ணா, என்ன வாங்கிட்டு வந்த?”ன்னுதான் கேப்பா. பெரிய பொம்பளை ஆயிட்டா, மரியாதை வந்துருச்சுன்னு நெனைச்சுக்கிட்டேன். நானே ஆரம்பிச்சேன். “தெரிஞ்சிருந்தா பேசியிருப்பேனா மங்கை?”ன்னேன். “தெரியாதவங்களா இருந்தாப் பேசலாமாண்ணா?”ன்னு கேட்டுட்டு ரசம் ஊத்துனா. நல்ல ரசம். அவ கை அம்மா கை மாதிரியே.

இப்ப அவ கும்பகோணத்துல ஒரு ஃப்ளெக்ஸ் கடையில உக்காந்து பேனரு டிசைன் பண்றா. காதுகுத்து, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. அவ போடுற கண்ணீர் அஞ்சலி தனியாத் தெரியும் தம்பி. செத்தவரு பின்னாடி ஒரு கடலு வச்சிருப்பா பாருங்க, அலை அடிக்கிற மாதிரியே இருக்கும். கடைக்காரரு, “எதுக்கும்மா இவ்வளவு வேலை, ரெண்டு புறா போட்டா முடிஞ்சுது”ங்குறாராம்.

கேமு வெளிவர்றதுக்கு முன்னாடி கம்பெனிலேருந்து எனக்கு மெயில் வந்துச்சு. எங்களுக்கு வழிகாட்டுன மக்களுக்கு நன்றின்னு கடைசியில பேரு போடப்போறோம், உங்க சேனல் பேரு எப்படி எழுதணும்னு கேட்டு. கேமு முடிஞ்சதும் சினிமா மாதிரியே பேரு ஓடும், செஞ்சவங்க எல்லாரு பேரும். நான் தெரு பூரா காட்டுனேன். மங்கைக்கும் போன் பண்ணிச் சொன்னேன். ஏன், அவளும் சந்தோஷப்படட்டும்னுதான். “சந்தோஷம்ணா”ன்னா. “உன் பேரும் வரும்ல மங்கை?”ன்னேன். “வரலாம்ணா. பாதியில அனுப்பிச்சவங்க பேரைப் போட மாட்டாங்கம்பாங்க. ஆனா டிரைலர்ல படகெல்லாம் நான் செஞ்சதுதாண்ணா இன்னும் ஓடுது, அதை மாத்தல. ரெண்டு வருஷம்லண்ணா. வரலாம்”னா. ரெண்டு தடவை “வரலாம்”னு சொன்னா.

டிசம்பர்ல கேமு வந்துச்சு. போன பொங்கலுக்கு இதே மாதிரி கரும்பு, மஞ்சக் கொத்து, வெல்லம், பச்சரிசி, எல்லாத்தோடயும் என் செட்டையும் பையில போட்டு எடுத்துக்கிட்டுப் போனேன். மத்ததெல்லாம் ஏற்கெனவே நான் ஆடி முடிச்சுட்டேன், கடைசி ஆட்டத்தை மட்டும் நிறுத்தி வச்சிருந்தேன், அவ வீட்ல வச்சு முடிக்கலாம்னு. அவளை ஆடுன்னு சொன்னேன் தம்பி. வாழ்க்கையில முதல் தடவை அந்த ரிமோட்டை அவ கையில குடுத்தேன். “நீங்களே ஆடுங்கண்ணா, எனக்கு வேகமா ஓட வராது”ன்னுட்டா.

நான் ஆடுனேன். அவ தரையில உக்காந்து பார்த்தா. வில்லனை அந்த ராஜா சிலை மேல வச்சுத்தான் கொல்லணும். ஏறும்போது கீழ துறைமுகம் தெரியும், படகுங்க ஆடிக்கிட்டு இருக்கும். அங்க நான் நின்னேன். சும்மா நின்னேன், அவ பார்க்கட்டும்னு. “இது உன் படகா?”ன்னேன். “ஆமாண்ணா”ன்னா. “அந்தக் கயிறு முடிச்சு சரியா இருக்கு பாருங்க”ன்னு மாப்ளைதான் சொன்னாரு.

கொன்னு முடிச்சேன். பேரு ஓட ஆரம்பிச்சுது.

எவ்வளவு பேருங்குறீங்க. இருபத்திரெண்டு நிமிஷம் ஓடுது. டீ போட்டவன் பேரு இருக்கு. கேமு செய்யுறப்ப பொறந்த குழந்தைங்க பேருன்னு தனியா ஒரு பட்டியல் இருக்கு. மங்கை எந்திரிச்சு டிவிக்குக் கிட்டக்கப் போயி உக்காந்துக்கிட்டா. வெரலை ஸ்கிரீன்ல வச்சுக்கிட்டுப் படிச்சா. அவ கம்பெனி பேரே வரல, புதுசா எடுத்துச் செஞ்ச கம்பெனி பேருதான் வந்துச்சு, அதுல நானூறு பேரு. அப்புறம் நன்றின்னு வந்துச்சு. அதுல பெரிய எழுத்துல என் பேரு. ‘துறைமுகம் தமிழ், நாகப்பட்டினம்’. ஊரு பேரோட போட்டிருந்தான். மாப்ளை எந்திரிச்சு வெளிய போயிட்டாரு.

“உங்க பேரு வந்துருச்சுண்ணா”ன்னா மங்கை. நான் அவ மூஞ்சியைப் பார்த்தேன். கோவம் இல்ல, அழுகை இல்ல. எழுத்தோட வெளிச்சம் அவ மூஞ்சியில ஏறிக்கிட்டே போகுது. முடிஞ்சுது. கறுப்பா ஆயிருச்சு.

அவ திரும்பாமயே கேட்டா. “அண்ணா, இன்னொரு தடவை போடுறீங்களா? வேகமா ஓடிருச்சு. கவனிக்காம விட்டிருப்பேன்.”

என் தங்கச்சி என்கிட்ட எதுவும் கேட்டதில்ல தம்பி. போட்டோ கேட்டா, அதோட இதுதான். அதுல பேரு மட்டும் தனியாப் போட முடியாது, கடைசி ஆட்டத்தை மறுபடி முதல்லேருந்து ஆடணும். ஆடுனேன். மறுபடி அந்தச் சிலையில ஏறி, மறுபடி அவனைக் கொன்னேன். உள்ள அடுப்புல பால் பொங்குற வாசனை வருது, அவங்க மாமியார் “மங்கை, மங்கை”ன்னு கூப்பிடுறாங்க. அவ எந்திரிக்கல. இருபத்திரெண்டு நிமிஷமும் வெரலை வச்சுப் படிச்சா, இந்தத் தடவை வாய்விட்டு, ஒவ்வொரு பேரா.

ரெண்டாவது தடவையும் என் பேரு வந்துச்சுங்க.